தங்கத்துக்குப் போட்ட தண்டவாளம்: அலாஸ்கா குடும்பச் சுற்றுலா பிறந்த கதை

எட்வர்ட் ஹாரிமனுக்கு 1899-ல் டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தார். நொடித்துப்போன யூனியன் பசிபிக் ரயில்வேயைக் கையிலெடுத்து ராப்பகலாக நிமிர்த்திக்கொண்டிருந்தவர், உடம்பைக் கவனிக்கவில்லை. ஓய்வென்றால் சாய்வு நாற்காலியில் கிடக்கிற ஆளும் இல்லை. குடும்பத்தோடு அலாஸ்கா போவது, முடிந்தால் ஒரு கரடியைச் சுடுவது என்று தீர்மானித்தார். மனைவி, ஐந்து பிள்ளைகள், உறவினர்கள். அதோடு விட்டாரா? போகிற போக்கில் உருப்படியாக ஏதாவது நடக்கட்டும் என்று அமெரிக்காவின் பேர்பெற்ற விஞ்ஞானிகளையும் ஓவியர்களையும் தம் செலவில் சேர்த்துக்கொண்டார். இயற்கை எழுத்தாளர்கள் ஜான் மியூர், ஜான் பரோஸ் இருவரும் வந்தார்கள். பழங்குடிகளைப் படமெடுத்துப் பின்னாளில் புகழடைந்த எட்வர்ட் கர்ட்டிஸ் அப்போது இளைஞர், அவரும் வந்தார்.

நியூயார்க்கிலிருந்து சியாட்டில் வரை தனி ரயில். அங்கிருந்து ‘ஜார்ஜ் டபிள்யூ. எல்டர்’ என்ற நீராவிக் கப்பல். அதில் நூலகம் இருந்தது, பியானோ இருந்தது. பிள்ளைகளுக்குப் பால் வேண்டுமே என்று கறவை மாடு ஒன்றும் ஏறியது. சாப்பாட்டுக்குக் காளைகள், ஆடுகள், கோழிகள். மொத்தம் 126 பேர் மே 31-ம் தேதி கிளம்பி ஜூலை 30-ம் தேதி திரும்பினார்கள். கோடியாக் தீவில் ஹாரிமன் ஒரு தாய்க்கரடியையும் குட்டியையும் சுட்டார். பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற கடல்பகுதியில், வரைபடத்தில் வழியே இல்லாத இடத்தில் பனிச்சுவருக்கும் கரைக்கும் நடுவே கப்பலை விடச் சொன்னார். மாலுமிகள் தயங்கினார்கள். உள்ளே நுழைந்து பார்த்தால் அதுவரை எந்த வரைபடத்திலும் ஏறாத ஒரு ஃபியர்ட், மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய கடல், நீண்டு கிடந்தது. அதற்கு அவர் பெயரே வைத்தார்கள். பக்கத்து விரிகுடாவின் பனியாறுகளுக்கு ஹார்வர்ட், யேல், வெல்லஸ்லி, ஸ்மித் என்று கல்லூரிப் பெயர்களைச் சூட்டியதும் இந்தக் கோஷ்டிதான். இன்றைக்கும் சொகுசுக் கப்பல்கள் அந்தக் ‘காலேஜ் ஃபியர்ட்’டுக்குள் போய் நின்று வேடிக்கை காட்டுகின்றன.

வடக்குக் காட்டைக் குடும்பத்தோடு ரயிலும் கப்பலுமாகச் சுற்றிப் பார்ப்பது என்று இன்று விற்பனையாகும் சரக்கின் முழு வடிவமும் ஹாரிமன் பயணத்திலேயே இருக்கிறது. பணம்தான் அவருடையது. அதை ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோ கடைக்காரரோ கைக்காசு கொடுத்து வாங்கக்கூடியதாக மாற்ற இன்னும் அறுபது வருடங்கள் பிடித்தன. அந்த அறுபது வருடக் கதையில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. இந்தச் சுற்றுலாவின் எந்த உறுப்பும் சுற்றுலாவுக்காகச் செய்யப்பட்டதில்லை. தங்கத்துக்கு, நிலக்கரிக்கு, தாமிரத்துக்கு, யுத்தத்துக்கு என்று கட்டியவை எல்லாம். ஒவ்வொன்றாக வந்த வேலை தீர்ந்தபோது, காலியான இருக்கைகளில் வேடிக்கை பார்ப்பவர்களை உட்கார வைத்தார்கள்.

முதலில் தபால் கப்பல். 1867-ல் அமெரிக்கா 72 லட்சம் டாலருக்கு ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கியது. வாங்கியவர்களுக்கே அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. தென்கிழக்கு அலாஸ்காக் கரையோரம் தீவுகளும் மலைகளும் அணை கட்டியதுபோல நின்று, உள்ளே அலையில்லாத ஒரு நீர்ப்பாதையை விட்டிருக்கின்றன. இன்சைட் பாசேஜ் என்பார்கள். அந்தப் பாதையில் தபாலும், மீன் டப்பா ஆலைகளுக்குச் சாமானும் ஏற்றிக்கொண்டு பசிபிக் கோஸ்ட் ஸ்டீம்ஷிப் கம்பெனியின் கப்பல்கள் போய்வந்தன. 1879-ல் ஜான் மியூர், டோயாட்டே என்ற டிலிங்கிட் பழங்குடித் தலைவர் துடுப்புப் படகோட்ட, கிளேசியர் விரிகுடாவுக்குள் போய் பார்த்துவிட்டுப் பத்திரிகைகளில் எழுதித் தள்ளினார். நான்கு வருடம் கழித்து, 1883-ல், ஜேம்ஸ் கேரல் என்ற கேப்டன் ‘ஐடஹோ’ கப்பலைப் பயணிகளோடு அதே விரிகுடாவுக்குள் ஓட்டினார். கப்பலில் எலைசா சிட்மோர் என்ற பத்திரிகைக்காரர் இருந்தார். அவர் 1885-ல் வெளியிட்ட புத்தகம்தான் அலாஸ்காவின் முதல் பயணக் கையேடு எனலாம். பின்னாளில் வாஷிங்டன் நகரத்துக்கு ஜப்பானியச் செர்ரி மரங்கள் வரவேண்டும் என்று விடாமல் நச்சரித்துச் சாதித்த அதே அம்மாள்தான்.

கேரல் வியாபாரம் தெரிந்தவர். விரிகுடாவில் இருந்த மியூர் பனியாற்றின் முன்னால் சேற்றிலும் கல்லிலும் பயணிகளின் நீண்ட பாவாடைகள் புரள்வதைப் பார்த்து, பனிக்குப் போக ஒரு பலகைப் பாதை போட்டுக்கொடுத்தார். 1890 வாக்கில் கோடைக்கு ஐயாயிரம் பேர் அளவுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் கண்டு வியந்த விரிகுடா யாருடையது என்று கேட்கிற வழக்கம் அப்போது இல்லை. ஹூனா டிலிங்கிட் மக்களின் ஊர்கள் அங்கே இருந்தன. 1750 வாக்கில் பனியாறு முன்னேறி வந்து ஊர்களை விழுங்க, அவர்கள் வெளியேறினார்கள். 1794-ல் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது விரிகுடா என்று சொல்ல ஒன்றுமில்லை, வாசலிலேயே பனிச்சுவர். மியூர் வந்தபோது அது முப்பது மைலுக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. பிறந்த மண்ணிலிருந்து பனி விலகிப்போன சமயத்தில், ஹூனா மக்களுக்கு முன்னால் சுற்றுலாக் கப்பல்கள் வந்து நின்றுவிட்டன. அவர்களுடைய கூட்டு இல்லம் ஒன்று மறுபடி அந்தக் கரையில் எழுந்தது 2016-ல்.

ஹாரிமன் பயணம் போன அதே 1899-ல் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. சியாட்டில் வணிகர்கள் ஒரு கப்பலில் சுற்றுலா வந்தார்கள். வழியில் டோங்காஸ் என்ற டிலிங்கிட் ஊர். ஊரார் மீன்பிடிக்கப் போயிருந்தார்கள். கனவான்கள் ஒரு பெரிய குலக்கம்பத்தை (டோட்டெம் கம்பம்) வெட்டிக் கப்பலில் ஏற்றிப்போய் சியாட்டில் நடுச்சதுக்கத்தில் நட்டுவிட்டார்கள். ஹாரிமன் கோஷ்டியும் இந்த விஷயத்தில் யோக்கியமில்லை. கேப் ஃபாக்ஸ் என்ற ஊர் காலியாகக் கிடந்ததைப் பார்த்துக் கம்பங்களையும் சாமான்களையும் வாரிக்கொண்டு போய் அருங்காட்சியகங்களுக்குப் பங்கு வைத்தார்கள். அவற்றில் சில 2001-ல்தான் சொந்தக்காரர்களின் வாரிசுகளிடம் திரும்பின. நினைவுப் பொருள் வாங்கும் வழக்கம் இப்படித் திருட்டில் தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை. வாங்கியவர்களும் உண்டு, துறைதோறும் டிலிங்கிட் பெண்கள் பின்னிய கூடைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாவது காரியம் நிலநடுக்கம். அந்த செப்டம்பரில் பூமி குலுங்கியதில் மியூர் பனியாற்றின் முகம் நொறுங்கிக் கடலில் கொட்டியது. மிதக்கும் பனிப்பாறைகளால் விரிகுடா அடைபட்டு, கப்பல்கள் அங்கே போவதையே விட்டன. எல்டர் கப்பல் அங்கே போய்வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

இனி ரயில். 1896-ல் கனடாவின் குளோண்டைக் ஆற்றோரம் தங்கம் கிடைத்தது. அடுத்த வருடமே ஆயிரமாயிரம் பேர் ஸ்காக்வே என்ற கரையில் இறங்கி மலையேறினார்கள். வைட் பாஸ் கணவாயில் மூவாயிரம் பொதிக்குதிரைகள் செத்தன. அந்தப் பள்ளத்துக்குச் ‘செத்த குதிரைப் பள்ளம்’ என்றே பெயர். குதிரை ஏறமுடியாத இடத்தில் ரயில் ஏறுமா என்று, பணம் போட வந்த பிரிட்டிஷ் பணக்காரர்களின் எஞ்சினீயருக்குச் சந்தேகம். மைக்கேல் ஹெனி என்ற கனடா ஒப்பந்தக்காரர் ஏறும் என்றார். 1898 மே மாதம் வேலை தொடங்கியது. 450 டன் வெடிமருந்து. கயிற்றில் தொங்கிக்கொண்டு பாறையில் துளைபோட்டவர்களில் பலர், தங்கம் தேடி வந்து கைக்காசு தீர்ந்தவர்கள். மூன்றடி அகலப் பாதை, இருபது மைலுக்குள் 2,865 அடி ஏற்றம். கனடாவின் ஒயிட்ஹார்ஸ் வரை 110 மைல் பாதை 1900 ஜூலையில் முடிந்தது.

முடிந்தபோது தங்க வேட்டை முடிந்துபோயிருந்தது! கூட்டம் நோம் கடற்கரைக்கு ஓடிவிட்டது. ரயில் கம்பெனி கிடைத்ததை ஏற்றிப் பிழைத்தது. அதில் ஒரு பங்கு வேடிக்கை பார்ப்பவர்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக மனமில்லை. டாகிஷ் ஏரியின் கோடியில் ஆட்டோ, கேட் பார்ட்ரிஜ் என்ற தம்பதி சுரங்கம் நடத்தினார்கள். 1911-ல் மலை சரிந்து சுரங்கத்தை மூடிவிட்டது. அவர்கள் அங்கேயே வீடு கட்டிப் பூந்தோட்டம் போட்டார்கள். வைட் பாஸ் கம்பெனியின் ‘டுட்ஷி’ படகு, ரயிலில் வந்த பயணிகளைக் கார்கிராஸ் நிலையத்திலிருந்து அங்கே ஏற்றி வரும். கணவர் விருந்தினரைத் தோட்டத்தில் நடத்திக் காட்டுவார். மனைவி ஆர்மோனியப் பெட்டி வாசிப்பார். வீட்டில் காய்ச்சிய ருபார்ப் மது ஒரு கோப்பை ஆளுக்கு. பல நூறு மைல் காட்டுக்கு நடுவே, மாலை உடையில் வரவேற்பு. தங்கம் கொடுக்காத மண், விருந்தினரைக் கொடுத்தது. ஒரு கப்பல், ஒரு ரயில், மறுபடி ஒரு படகு என்று சேர்த்துக் கட்டிய இந்த உல்லாசப் பயணம் 1910-களிலேயே ஓடத் தொடங்கிவிட்டது.

இன்னொரு ரயில் இதைவிடப் பெரியது. சூவர்டு துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குத் தண்டவாளம் போட முயன்ற தனியார் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவாலாயின. 1914-ல் அமெரிக்க அரசே முன்வந்து 3.5 கோடி டாலர் ஒதுக்கியது. அடுத்த வருடம் ஷிப் கிரீக் ஓடையோரம் தொழிலாளர்கள் கூடாரம் அடித்தார்கள். அந்தக் கூடார ஊர்தான் இன்றைய ஆங்கரேஜ். உள்நாட்டு நிலக்கரியைக் கொண்டுவந்து கடற்படைக் கப்பல்களுக்குக் கொடுப்பது ரயிலின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. பாதை முடிவதற்குள் கடற்படை எண்ணெய்க்கு மாறிவிட்டது. கடற்படைக்காகத் திறந்த சுரங்கமும் மூடப்பட்டது. 470 மைல் தண்டவாளம், அதை ஒட்டிக் குடியிருக்கவோ விரல்விட்டு எண்ணும் ஊர்கள்.

1923 ஜூலை 15-ம் தேதி ஜனாதிபதி வாரன் ஹார்டிங் நெனானாவில் தங்க ஆணி அடித்துப் பாதையைத் திறந்துவைத்தார். முதலிரண்டு அடி ஆணியில் படவே இல்லை என்பார்கள். தங்க ஆணியை உடனே கழற்றிக்கொண்டு இரும்பாணியை அடித்தார்கள். மனைவியோடு வந்திருந்தார் ஹார்டிங்; கடற்படையின் ‘ஹென்டர்சன்’ கப்பலில் இன்சைட் பாசேஜ் வழியாக ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு சூவர்டு, அங்கிருந்து ரயிலில் வடக்கே. இன்றைய பயணத்திட்டத்தை எடுத்து அதன்மேல் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும். திரும்பும் வழியில், ஆகஸ்ட் 2-ம் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் அவர் இறந்துபோனார். பயணம் முடித்துத் திரும்பிய களைப்பு என்றும் இதயக் கோளாறு என்றும் பேசினார்கள். விளம்பரத்துக்கு உதவுகிற முடிவு இல்லை.

ஆனாலும் ரயில்வேக்கு வேறு வழியில்லை. பாதைக்குப் பக்கத்தில் 1917-லேயே மெக்கின்லி மலையை வைத்து ஒரு தேசியப் பூங்கா அறிவித்திருந்தார்கள். 20,310 அடி மலை. (டெனாலி என்பது அந்த மண்ணின் பெயர், 2015-ல் அரசு அதை ஏற்றது, 2025-ல் திரும்பவும் மெக்கின்லி ஆக்கியது. உள்ளூர்க்காரர் டெனாலி என்றே சொல்கிறார், நானும் அப்படியே எழுதுகிறேன்.) சூவர்டிலிருந்து பாதையின் வடகோடியான ஃபேர்பேங்க்ஸ் போக இரண்டு நாள் ஆகும் என்பதால் நடுவில் கரி என்ற இடத்தில் ரயில்வேயே ஓட்டல் கட்டியது. ரயில் இரவு அங்கே நிற்கும், பயணிகள் உண்டு உறங்கி மறுநாள் கிளம்புவார்கள். கப்பல் கம்பெனியும் ரயில்வேயும் மோட்டார் வண்டிக்காரர்களும் கூட்டுச் சேர்ந்து, கோர்டோவாவில் இறங்கித் தாமிரச் சுரங்க ரயிலில் ஏறி, மோட்டாரில் ஃபேர்பேங்க்ஸ் போய், அரசு ரயிலில் சூவர்டு வந்து கப்பலேறும் ஒரு வட்டத்தை 1920-களில் விற்றார்கள். ஆனால் அந்தத் தாமிர ரயில் 1938-ல் சுரங்கத்தோடு சேர்ந்து மூடிக்கொண்டது. கரி ஓட்டல் 1957-ல் எரிந்துபோனது.

நடுவில் இரண்டாம் உலக யுத்தம். ஜப்பானியரின் கண்ணில் படாத, உறையாத துறைமுகம் ஒன்று ராணுவத்துக்கு வேண்டியிருந்தது. எந்நேரமும் மேகம் மூடிக் கிடக்கும் விட்டியரைத் தேர்ந்தெடுத்து, மலையை இரண்டரை மைல் குடைந்து 1943-ல் ரயில் விட்டார்கள். இன்று அந்தக் குகை வழியாக ரயிலும் காரும் முறைவைத்துப் போகின்றன. கார் சக்கரங்கள் தண்டவாளத்தை ஒட்டிய கான்கிரீட்டில் உருள, ஒரு நேரத்தில் ஒரு திசைக்கு மட்டும் அனுமதி. ஊர் மக்கள் முன்னூறு பேர்கூட இல்லை; அவர்களில் பெரும்பாலோர் ராணுவம் கட்டிவிட்டுப் போன ஒரே பதினான்கு மாடிக் கட்டடத்தில் குடியிருக்கிறார்கள். கீழே சொகுசுக் கப்பல் வந்து நிற்கிறது. படியிறங்கிய குடும்பம் அப்படியே ரயிலில் ஏறிப் பகல் முழுக்கப் பயணம் செய்து டெனாலி போய்ச் சேரலாம். பெட்டிகளை முந்தின இரவே அறை வாசலில் வைத்துவிட்டால் போதும், ஓட்டல் அறையில்தான் அடுத்துப் பார்க்க வேண்டும். மேகத்துக்காகத் தேர்ந்தெடுத்த ஊர், வெளிச்சம் தேடி வருகிறவர்களின் வாசலாகிவிட்டது.

யுத்தம் முடிந்தது. எல்லா உறுப்பும் இருந்தன, கோர்க்க ஆளில்லை. அந்த ஆள்தான் சக் வெஸ்ட்.

யுத்த காலத்தில் இமயமலைக்கு மேலே சீனாவுக்கு விமானம் ஓட்டியவர். பிறகு ஃபேர்பேங்க்ஸில் காட்டு விமானி. 1940-களின் பிற்பாதியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் கோட்ஸெபூவுக்கும், வட்டத்துக்குத் தெற்கே நோமுக்கும் பயணிகளைக் கூட்டிப்போய்க் காட்டத் தொடங்கினார். வேடிக்கைக்காகக் காசு கொடுத்து வடதுருவக் குளிருக்குள் யார் போவார்கள் என்று மற்றவர்கள் சிரித்திருக்கலாம். போனார்கள். அந்தச் சிறு கம்பெனி வளர்ந்து ‘வெஸ்டூர்ஸ்’ ஆயிற்று. சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்குப் பயணிகளை ஏற்றிவந்த அலாஸ்கா ஸ்டீம்ஷிப் கம்பெனி 1954-ல் பயணிகள் கப்பலை நிறுத்தியது. விமானம் வந்துவிட்டது, கப்பல் கட்டுப்படியாகவில்லை. எல்லோரும் கப்பலின் கதை முடிந்தது என்று நினைத்த நேரத்தில் வெஸ்ட் கப்பல் தேடினார்.

இங்கே 1886-ம் வருடச் சட்டம் ஒன்று குறுக்கே வருகிறது. ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்க, அமெரிக்கக் கப்பலுக்கே உரிமை. அமெரிக்கக் கப்பல் கிடையாது; வெளிநாட்டுக் கப்பல் சியாட்டிலிலிருந்து நேரே அலாஸ்காவில் கொண்டுபோய் இறக்கக் கூடாது. அப்படியானால் கனடாவில் ஏற்றினால் போயிற்று. அலாஸ்காக் கப்பலின் தலைவாசலாக வான்கூவர் ஆனதற்கு அழகு ஒரு காரணமென்றால் இந்தச் சட்டம் ஒன்பது காரணம். இன்றும் சியாட்டிலில் கிளம்பிச் சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல், பெரும்பாலும் கடைசி மாலை சில மணி நேரம் கனடாவின் விக்டோரியாவில் ஒதுங்கிவிட்டுத்தான் வருகிறது. பயணிகளுக்கு அது பூந்தோட்டம் பார்க்கும் நேரம். கப்பல்காரருக்கு அது சட்டத்துக்குக் கட்டும் மொய். 2021-ல் தொற்றுநோய்க்காகக் கனடா துறைமுகங்களைச் சாத்தியபோது, அந்த ஒதுங்கலிலிருந்து விலக்கு கொடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் தனிச்சட்டமே போடவேண்டி வந்தது.

வெஸ்டுக்குக் கிடைத்த கப்பல்கள் இரண்டு. இரண்டும் அட்லாண்டிக்கில் நீர்மூழ்கிகளை வேட்டையாடக் கட்டிய கனடா போர்ப்படகுகள். யுத்தத்துக்குப் பின் ஒரு கனடா கம்பெனி பயணிகள் கப்பலாக மாற்றி ஓட்டிப் பார்த்துக் கைவிட்டிருந்தது. 1958-ல் அவை ‘கிளேசியர் குயின்’, ‘யூகான் ஸ்டார்’ என்று பெயர் மாறி வடக்கே கிளம்பின. வெஸ்டின் சாமர்த்தியம் கப்பலில் இல்லை. போகும்போது கப்பல், ஸ்காக்வேயில் இறங்கி வைட் பாஸ் ரயில், அங்கிருந்து பஸ், டெனாலி ரயில், திரும்பும்போது விமானம், இடையில் தங்க ஓட்டல் என்று எல்லாவற்றையும் ஒரே சீட்டில் விற்றார். பஸ்ஸும் ஓட்டலும் இல்லாத இடத்தில் தாமே வாங்கினார், கட்டினார். ஓஹியோவில் இருக்கும் ஒரு குடும்பம் ஒரு காசோலை எழுதினால் போதும். ரயில் எத்தனை மணிக்கு, இரவு எங்கே என்ற கவலை அவர் தலையில். தனித்தனியாக நொண்டிக்கொண்டிருந்த தொழில்கள் ஒன்றுக்கொன்று தோள்கொடுத்தன. இந்தச் சுற்றுலாவின் பிறந்த நாள் எது என்று கேட்டால் நான் இந்தச் சீட்டைத்தான் சொல்வேன்.

1971-ல் ஹாலண்ட் அமெரிக்கா லைன் வெஸ்டூர்ஸை வாங்கியது. வெஸ்ட் வெளியே வந்து சின்னக் கப்பல்களோடு மறுபடி ஆரம்பித்தார்.

போட்டிக் கம்பெனியின் பிறப்பும் இதே கடலில்தான். கனடியன் பசிபிக்கின் ‘பிரின்சஸ் பட்ரீஷியா’ கோடையில் அலாஸ்கா ஓடும், குளிர்காலத்தில் சும்மா கட்டிக்கிடக்கும். 1965-ல் ஸ்டான்லி மெக்டொனால்ட் என்ற சியாட்டில் வியாபாரி அதைக் குளிர்காலத்துக்கு வாடகைக்கு எடுத்து மெக்சிகோவுக்கு விட்டார். கப்பலின் பெயரிலிருந்து கம்பெனிக்குப் பெயர் வந்தது: பிரின்சஸ் குரூசஸ். பின்னால் அது அலாஸ்காவுக்கே திரும்பி வந்து ஹாலண்ட் அமெரிக்காவோடு மல்லுக்கட்டியது.

அந்த மல்லுக்கட்டின் மிச்சத்தை அலாஸ்கா ரயிலில் இன்றும் பார்க்கலாம். 1980-களின் நடுவில், கண்ணாடிக் கூரை போட்ட பழைய பெட்டிகளைக் கொண்டுவந்து அரசு ரயிலின் வாலில் மாட்டினார்கள். மில்வாக்கி ரோடு கம்பெனிக்காக 1952-ல் செய்தவை. ஓடிய ரயில் நின்றுபோய் அநாதையாகச் சுற்றிய பெட்டிகள். பிரின்சஸ் அவற்றை ஓட்ட, ஹாலண்ட் அமெரிக்காவும் தன் பங்குக்குக் கண்ணாடிப் பெட்டிகளை மாட்டியது. இன்றைய டெனாலி ரயிலை நடைமேடையில் நின்று பாருங்கள். முன்னால் நீலமும் மஞ்சளுமாக ரயில்வேயின் எஞ்சினும் பெட்டிகளும். பின்னால் கப்பல் கம்பெனிகளின் உயரமான கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றும் தன் நிறத்தில். மேல்மாடியில் இருக்கை, கீழே சாப்பாட்டு அறை. ஒரு கம்பெனிப் பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியில்லை. காட்டில் ஒரு மூஸ் மான் தென்பட்டால் எல்லாப் பெட்டியும் ஒரே பக்கம் சாயும். டெனாலி மட்டும் எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாது. மேகம் விலகி மலையைக் காண்பது வருகிறவர்களில் மூவரில் ஒருவருக்குத்தான் என்பது அங்கே வழங்கும் கணக்கு. 1985-ல் அலாஸ்கா மாநிலம் மத்திய அரசிடமிருந்து இந்த ரயில்வேயை 2.23 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

வைட் பாஸ் என்னவாயிற்று? சுரங்கத் தாது ஏற்றி அது இன்னொரு எழுபது எண்பது வருடம் தள்ளியது. உலகத்திலேயே கன்டெய்னருக்கென்று கட்டிய முதல் கப்பலை 1955-ல் ஓட்டியதும் அந்தச் சின்னக் கம்பெனிதான். 1982-ல் உலோக விலை சரிந்து சுரங்கம் மூடியது, ரயிலும் நின்றது. ஆறு வருடம் தண்டவாளத்தில் புல் முளைத்தது. 1988-ல் கப்பல் பயணிகளுக்காக மட்டும் மறுபடி ஓடத் தொடங்கி, சரக்கு ஏற்றிய காலத்தைவிட இப்போதுதான் கூட்டம். கப்பல் ஏணிக்குப் பக்கத்திலேயே ரயில் வந்து நிற்கிறது. ஆயிரம் பேர் வாழும் ஸ்காக்வேயில் சில கோடை நாட்களில் பத்தாயிரம் பேர் இறங்குகிறார்கள்.

இந்தச் சுற்றுலா முதலில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தம்பதிகளின் பயணமாக இருந்தது, பிள்ளைகுட்டிகளோடு போகும் குடும்பப் பயணமானது அண்மைக் காலத்தில்தான். 2000-லிருந்து சியாட்டிலிலிருந்து பெரிய கப்பல்கள் கிளம்ப, கட்டணம் இறங்கியது. 2011-ல் டிஸ்னியே கப்பல் விட்டது. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வரும் அப்பா அம்மாவை எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்கிற சியாட்டில், கலிபோர்னியாத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தோதாக அமைந்தது. முழங்கால் வலிக்காரர் நடக்க வேண்டாம், பேரன் பேத்திக்கு நீச்சல் குளம், மலையும் பனியும் ஜன்னலுக்கே வரும். சியாட்டில் சுற்றுக் கப்பலில் போகிறவர்களுக்குக் கிடைக்கும் ரயில் வைட் பாஸ் மட்டும்தான்; டெனாலி ரயில் வேண்டுமென்றால் வான்கூவரிலிருந்து ஒருவழிக் கப்பல் பிடிக்க வேண்டும். இது தெரியாமல் பணம் கட்டிவிட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு.

கூட்டத்துக்கு விலையும் உண்டு. சாலைத் தொடர்பே இல்லாத தலைநகர் ஜூனோவில் சுமார் 32,000 பேர். 2023-ல் அங்கே வந்த கப்பல் பயணிகள் 16 லட்சத்துக்கு மேல். ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல் போதும் என்று நகரம் கப்பல் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. கிளேசியர் விரிகுடாவில் நாளைக்கு இரண்டே கப்பல்தான். அங்கே பூங்காக் காவலர்கள் சிறு படகில் வந்து கப்பலேறி ஒலிபெருக்கியில் கதை சொல்கிறார்கள். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்று மெல்லத் திரும்புகிறது, இரண்டு பக்கத்து அறைக்காரர்களும் பார்க்கட்டும் என்று. நீருக்கு மேல் இருபது மாடி உயரச் சுவர். அதன் நீலத்தில் ஒரு கீற்று விரிசல் ஓடும், ஒரு துண்டு கழன்று விழும், நீர் தெறித்து அடங்கியபின்தான் இடி காதுக்கு வரும். கேரலின் பயணிகள் பார்த்த மியூர் பனியாறு இப்போது கடலைத் தொடுவதே இல்லை.

கதையின் கடைசித் திருப்பம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஹாலண்ட் அமெரிக்காவை 1989-ல் கார்னிவல் வாங்கியது. 2003-ல் பிரின்சஸும் அதே கைக்கு வந்தது. 2018-ல் வைட் பாஸ் ரயில் 29 கோடி டாலருக்கு விலைபோனபோது வாங்கிய கூட்டில் கார்னிவலுக்கும் பங்கு. போட்டிபோட்ட இரண்டு கம்பெனியும், அவற்றின் காட்டு ஓட்டல்களும், பஸ்களும், கண்ணாடிப் பெட்டிகளும் இன்று ஒரே குடையின் கீழ். வெஸ்ட் கண்டுபிடித்த ஒரே சீட்டு வசதியானதுதான், ஆனால் அந்தச் சீட்டில் போகிற குடும்பம் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் பேசாமலேயே ஊர் திரும்பிவிடலாம் என்பது என் எண்ணம்.

அதனால் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கப்பலை மட்டும் கம்பெனியிடம் வாங்கிக்கொண்டு, ரயில் சீட்டை அலாஸ்கா ரயில்வேயிடம் நேரடியாக எடுங்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் டல்கீட்னாவில் இறங்கி ‘ஹரிக்கேன் டர்ன்’ ரயிலில் ஏறுங்கள். கோடையில் வாரத்தில் சில நாட்கள் ஓடுகிறது. சாலையில்லாத காட்டுக்குள் குடிசை போட்டு வாழ்பவர்களுக்காக விடும் வண்டி அது. அரிசி மூட்டை, நாய் எல்லாம் ஏறும். தண்டவாளத்தோரம் யாராவது நின்று கையைக் காட்டினால் நிற்கும். 296 அடி ஆழப் பள்ளத்தின் மேல் 1921-ல் கட்டிய ஹரிக்கேன் பாலம் வரை போய்த் திரும்புகிறது. கப்பல் கம்பெனிப் பெட்டி எதுவும் அதில் மாட்டப்படுவதில்லை.